எங்கள் பணம், எங்கள் கணக்கு – ராஜஸ்தான் கிராமங்கள் கேள்வி கேட்ட கதை

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. இந்த நாட்களில் தமிழ்நாட்டு ஊராட்சிகளில் கிராம சபை கூடும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். பின்னாளில் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டு நாட்களும் சேர்ந்துகொண்டன. ஊர் மக்கள் கூடி, ஊராட்சியின் திட்டத்தையும் வரவு செலவையும் அலசிப் பார்த்து ஒப்புதல் தரவேண்டும் என்பது சட்டம். ஆனால் பல ஊர்களில் நடப்பது வேறு. நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், நாற்பது பேர் நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். கூட்டம் முடிந்தது!

ஏன் இப்படி என்று யாரைக் கேட்டாலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான். "ஜனங்களுக்கு அக்கறை இல்லைங்க."

உண்மையிலேயே அக்கறை இல்லையா? அல்லது பேசுவதற்கு அவர்கள் கையில் ஒன்றும் இல்லையா? இந்தக் கேள்விக்கு 1990களில் ராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் ஒரு பதில் கிடைத்தது. கூலி வேலை செய்யும் மக்களும், அவர்களோடு வந்து தங்கிய சில இளைஞர்களும் சேர்ந்து கண்டுபிடித்த பதில் அது. இன்று 10 ரூபாய் கட்டி எந்த அரசு அலுவலகத்திலும் தகவல் கேட்க முடிகிறது என்றால் அதற்கு விதை போட்டவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள்.

நாகௌரில் தொடங்கியது

உள்ளாட்சியின் வரலாற்றில் ராஜஸ்தானுக்கு ஒரு தனி இடம் உண்டு. 1957ல் பல்வந்த்ராய் மேத்தா குழு, கிராமம், வட்டாரம், மாவட்டம் என்று மூன்று அடுக்கு உள்ளாட்சி வேண்டும் என்று பரிந்துரை செய்தது. 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானில் உள்ள நாகௌரில்தான் பிரதமர் நேரு பஞ்சாயத்து ராஜ் முறையைத் தொடங்கி வைத்தார். காந்தி பிறந்த நாளில், கிராமத்து மக்களின் கைக்கு அதிகாரம் போகிறது என்ற நம்பிக்கையோடு நடந்த விழா அது.

நம்பிக்கை நெடுநாள் தாங்கவில்லை. நாட்டின் பல மாநிலங்களில் உள்ளாட்சித் தேர்தல்கள் வருஷக் கணக்கில் தள்ளிப்போயின. கடைசியில் 1992ல் அரசியல் சட்டத்தின் 73வது திருத்தம் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் அமலுக்கு வந்தது. 5 ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம், தலித் மற்றும் பழங்குடி மக்களுக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம், கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே அங்கீகாரம் என்று பெரிய பெரிய மாற்றங்கள் வந்தன.

எல்லாம் சரி. ஆனால் ஒன்று விட்டுப்போனது. மக்கள் கூடுவதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. கூடியவர்கள் எதை வைத்துப் பேசுவார்கள்? ரோடு போட எவ்வளவு வந்தது, எத்தனை மூட்டை சிமெண்ட் வாங்கினார்கள், யார் யாருக்குக் கூலி கொடுத்தார்கள் என்ற விவரமெல்லாம் அலுவலகத்து பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது.

தேவ்துங்ரியில் ஒரு மண் வீடு

1987ல் ராஜ்சமந்த் பகுதியில் உள்ள தேவ்துங்ரி என்ற சின்ன ஊருக்குச் சிலர் குடிவந்தார்கள். அவர்களில் ஒருவர் அருணா ராய். சென்னையில் 1946ல் பிறந்த தமிழ்ப் பெண். டெல்லியில் வளர்ந்தவர், சிறு வயதில் சில காலம் கலாக்ஷேத்ராவிலும் படித்தவர். 1968ல் ஐ.ஏ.எஸ். அதிகாரியாகி, ஏழு ஆண்டுகளில் அந்த வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தானின் திலோனியாவில் சமூகப் பணிக்குப் போனவர். அங்கிருந்தும் வெளியேறித்தான் தேவ்துங்ரிக்கு வந்தார். அவரோடு வந்தவர்கள் அமெரிக்காவில் படிப்பை விட்டுவிட்டுத் திரும்பிய நிகில் தே, அந்தப் பகுதியையே சேர்ந்த சங்கர் சிங், அவர் மனைவி அன்ஷி. சங்கர் சிங் பொம்மலாட்டத்திலும் தெருக்கூத்து போன்ற நாடகத்திலும் கெட்டிக்காரர். அரசாங்க சுற்றறிக்கையைக் கூட சிரிக்கச் சிரிக்கச் சொல்லத் தெரிந்தவர்.

அவர்கள் அங்கே ஆபீஸ் திறக்கவில்லை, பெயர்ப் பலகை மாட்டவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளைப் போலவே ஒரு மண் வீட்டில் இருந்தார்கள். தங்களுக்கென்று எடுத்துக்கொண்ட பணம் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி அளவுதான். இது தியாகத்தைக் காட்டுவதற்காக வைத்த விதி அல்ல. குறைந்தபட்சக் கூலி கேட்டுப் போராடும் மக்களோடு இருக்கிறவர்களுக்கு, அந்தக் கூலியில் ஒரு குடும்பம் எப்படித் தள்ளாடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

1990 மே 1, தொழிலாளர் தினத்தன்று பீம் என்ற ஊரில் அமைப்பு பிறந்தது. பெயர் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன். தமிழில் சொன்னால் உழைப்பாளர் விவசாயிகள் சக்தி அமைப்பு. சுருக்கமாக எம்.கே.எஸ்.எஸ்.

கூலி எங்கே போனது?

மழை பொய்த்தால் ராஜஸ்தானில் அரசு பஞ்ச நிவாரண வேலை தொடங்கும். ரோடு போடுவது, ஏரி வெட்டுவது, கரை கட்டுவது போன்ற வேலைகள். வேலைக்கு வருபவர்களில் பெண்கள்தான் அதிகம். சம்பள நாளில் கையில் விழும் பணம் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாக இருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தப் பிரச்சினைக்கு உச்ச நீதிமன்றம் 1983லேயே தீர்ப்பு சொல்லியிருந்தது. ராஜஸ்தான் பஞ்ச நிவாரணத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கு அது. பஞ்சத்தில் இருப்பவர்களுக்கு உதவியாகக் கொடுக்கும் வேலை என்பதால் குறைத்துக் கொடுக்கலாம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தே ஆகவேண்டும் என்றது. ஆக, சட்டம் இருந்தது, தீர்ப்பும் இருந்தது. கூலி மட்டும் வரவில்லை.

ஏன் என்று கேட்டால் அதிகாரிகள் சொன்ன பதில், "நீங்கள் அளவுக்கு ஏற்ற வேலை செய்யவில்லை." வெட்டிய மண்ணை ஓவர்சியர் அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுவார். அந்த அளவை வைத்துத்தான் கூலி. "சரி, அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள்" என்று மக்கள் கேட்டார்கள். "அது அரசாங்க ஆவணம், காட்ட முடியாது" என்று பதில் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1923ல் போட்ட அரசு ரகசியச் சட்டத்தின் நிழல் ஒரு கிராமத்து மண் ரோட்டின் அளவு வரைக்கும் நீண்டிருந்தது!

1990லும் 1991லும் பீமில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வாக்குறுதிகள் வந்தன, போயின. அப்போதுதான் ஒரு விஷயம் எல்லோருக்கும் புரிந்தது. கூலி கேட்கும் சண்டையும் காகிதம் கேட்கும் சண்டையும் வேறு வேறு அல்ல. காகிதத்தைப் பார்க்காத வரை, வேலை செய்தவர் பொய் சொல்கிறாரா, எழுதியவர் பொய் சொல்கிறாரா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்தச் சண்டையில் எப்போதும் எழுதியவர்தான் ஜெயிப்பார்.

மக்கள் முன்னால் கணக்கு

1994 டிசம்பர் 2. பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊர். அங்கேதான் முதல் 'ஜன் சுன்வாய்' நடந்தது. மக்கள் விசாரணை என்று தமிழில் சொல்லலாம். பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரி பதிவேடுகளைப் பார்க்க அனுமதித்ததால் விவரங்கள் கிடைத்திருந்தன.

ஏற்பாடு ரொம்ப எளிமையானது. திறந்த வெளியில் ஒரு பந்தல், ஒரு மைக். வெளியூரிலிருந்து வந்த பத்திரிகையாளர், வழக்கறிஞர், பேராசிரியர் போன்ற சிலர் நடுநிலையாளர்களாக உட்கார்ந்திருப்பார்கள். ஊராட்சித் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் அழைப்பு போயிருக்கும். வந்தால் அவர்களும் பதில் சொல்லலாம். பிறகு மஸ்டர் ரோலை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசிப்பார்கள். யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று.

அவ்வளவுதான். இதற்கு மேல் பேச்சு, முழக்கம் எதுவும் தேவைப்படவில்லை. பெயரைக் கேட்டதும் கூட்டத்தில் ஒருவர் எழுந்து "நான் அந்த வேலைக்கே போகலியே" என்பார். இன்னொரு பெயரைக் கேட்டதும் "அவர் செத்துப் போயிட்டாரே" என்று குரல் வரும். ஊரைவிட்டு எப்போதோ பிழைக்கப் போனவர் பெயரிலும் கூலி எழுதியிருக்கும். வேலை முடிந்துவிட்டது என்று எழுதிய கட்டிடத்துக்குக் கூரையே இல்லை என்பதும் அன்று வெளியே வந்தது. முதலில் சிரிப்பு வந்தது, பிறகுதான் கோபம் வந்தது.

அடுத்த சில மாதங்களில் பீம், விஜய்புரா, ஜவாஜா, தானா ஆகிய ஊர்களிலும் விசாரணைகள் நடந்தன. பீமில், பொருள் வாங்கியதாகக் கணக்கு காட்டியிருந்த ஒரு நிறுவனம் காகிதத்தில் மட்டுமே இருந்தது என்று தெரிந்தது. இதைப் பார்த்த கிராம சேவகர்கள், அதாவது நம் ஊர் ஊராட்சிச் செயலர் மாதிரியான ஊழியர்கள், பதிவேடுகளைக் கொடுக்கமாட்டோம் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். ஒரு பெயர்ப் பட்டியலை வாசிப்பதற்கு இத்தனை பயம் என்றால், அந்தப் பட்டியலுக்குள் எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

இங்கே ஒரு நிமிஷம் நின்று யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆவணம் எதற்கு என்று அன்று பலர் கேட்டார்கள். ஜன் சுன்வாய் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. ஆவணத்தில் இருப்பது பொய்யா நிஜமா என்று சொல்ல படிப்பு தேவையில்லை. அந்த ஊரில் வாழ்ந்திருந்தால் போதும். அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் தணிக்கையாளருக்கு ரசீது சரியாக இருக்கிறதா என்றுதான் தெரியும். ரசீதில் இருக்கும் கல் சுவரில் இருக்கிறதா என்பது அந்தக் கல்லைச் சுமந்த பெண்ணுக்குத்தான் தெரியும்.

பயிற்சிக்கு வந்தவர்கள் கற்றது

விசாரணைகளின் பெயர் பரவப் பரவ, கல்லூரி மாணவர்களும் சட்டம் படிப்பவர்களும் தேவ்துங்ரிக்கு வர ஆரம்பித்தார்கள். சில வாரங்களோ சில மாதங்களோ தங்கிப் பயிற்சி பெறுவார்கள். மக்கள் பங்கேற்பு என்றால் மேடையில் பேசுவது, கூட்டம் சேர்ப்பது என்று நினைத்துக்கொண்டு வருபவருக்கு அங்கே முதலில் கிடைப்பது காகிதக் கட்டு.

ஒரு விசாரணைக்குப் பின்னால் இருக்கும் வேலை கொஞ்சமல்ல. முதலில் ஆவணங்களைக் கேட்டு வாங்கவேண்டும். ஜெராக்ஸ் எடுக்க அனுமதி இல்லாத காலத்தில் உட்கார்ந்து கையால் எழுதவேண்டும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் உரிய மஸ்டர் ரோல், பில், வவுச்சர், அளவுப் புத்தகம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும். ஒரே தேதியில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை செய்ததாக இருக்கிறதா? ஒரே டிராக்டர் ஒரே நாளில் இத்தனை நடை அடிக்க முடியுமா? இப்படிப் பார்த்துப் பட்டியல் போடவேண்டும்.

அடுத்தது வீடு வீடாகப் போவது. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் பார்த்து விசாரிப்பது. இந்த இடத்தில்தான் படித்தவர் மாணவராக மாறுகிறார். ஒரு வண்டியில் எவ்வளவு கல் ஏற்றலாம், ஓர் ஆள் ஒரு நாளில் எவ்வளவு குழி வெட்ட முடியும், இந்தச் சுவருக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போயிருக்கும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. வேலை செய்தவர்கள்தான் சொல்லித்தர வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகள் எழுத்தைக் கொண்டுவந்தார்கள், ஊர்க்காரர்கள் அதன் அர்த்தத்தைச் சொன்னார்கள். இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் விசாரணை நடந்திருக்காது.

இன்னொரு விஷயமும் உண்டு. பயிற்சிக்கு வந்தவர் சில மாதத்தில் ஊருக்குத் திரும்பிப் போய்விடுவார். மைக் முன்னால் தைரியமாகச் சாட்சி சொன்ன பெண் மறுநாளும் அதே கடையில்தான் மளிகை வாங்கவேண்டும், அதே தலைவரிடம்தான் ரேஷன் கார்டுக்கு நிற்கவேண்டும். அதனால் யார் பேசுவது, எப்போது பேசுவது என்பதை வெளியூர்க்காரர் முடிவு செய்ய முடியாது. உதவிக்கு வந்தவர் முன்னால் நிற்கக்கூடாது என்ற இந்தப் பாடம்தான் எல்லாவற்றிலும் கடினமானது.

பியாவரில் 40 நாள், ஜெய்ப்பூரில் 53 நாள்

விசாரணைகள் ஏற்படுத்திய சூட்டில், 1995 ஏப்ரல் 5 அன்று முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் ஓர் அறிவிப்பு செய்தார். உள்ளாட்சி வளர்ச்சிப் பணிகள் தொடர்பான ஆவணங்களின் நகலை யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பெறலாம் என்று. செய்தித்தாளில் வந்தது. மக்கள் அந்தச் செய்தித்தாளையே எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். "எங்களுக்கு உத்தரவு வரவில்லை" என்று அதிகாரிகள் கைவிரித்தார்கள்.

சரியாக ஒரு வருஷம் பொறுத்தார்கள். 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணா தொடங்கியது. போராட்டம் தொடங்கும் வேளையில் அரசு ஓர் உத்தரவு போட்டது. ஆவணத்தைப் பார்க்கலாம், ஆனால் நகல் கிடையாது! நகல் இல்லாவிட்டால் ஆதாரம் எங்கே? தர்ணா நிற்கவில்லை.

நாடாளுமன்றத் தேர்தல் நேரம் அது. கட்சிகள் ஓட்டுக் கேட்டுத் தெருவில் போய்க்கொண்டிருந்தன. அதே தெருவில் உட்கார்ந்து இவர்கள் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிராமத்து ஜனங்கள் தானியம் கொண்டுவந்து முறை வைத்து உட்கார்ந்தார்கள். பியாவர் வியாபாரிகளும் தொழிற்சங்கங்களும் உதவிக்கு வந்தார்கள். கூலிக்காரர்களின் பிரச்சினையாகத் தொடங்கியது ஊரின் பிரச்சினையாக மாறியது. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்ற பொருள் தரும் இந்தி முழக்கம் நாடெங்கும் பரவியது.

அந்தக் காலத்தில் நாலாம் வகுப்பு வரை படித்த ஒரு பெண் செய்தியாளர்களிடம் சொன்ன விளக்கத்தை இயக்கத்தினர் இன்றும் நினைவுகூர்வார்கள். மகனிடம் 10 ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்கு கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசாங்கம் கோடிக்கணக்கில் செலவு செய்கிறது, அதற்குக் கணக்கு கேட்கக் கூடாதா என்பதுதான் அவர் கேள்வி. தகவல் உரிமைக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் இருக்காது.

40 நாளுக்குப் பிறகு, குழு அமைக்கிறோம் என்று அரசு சொன்னது. குழு அமைந்தது, காலம் ஓடியது, நகல் மட்டும் வரவில்லை. 1997 மே மாதம் தலைநகர் ஜெய்ப்பூரில் மறுபடி தர்ணா. இந்த முறை 53 நாள். ஜூலையில் துணை முதல்வர் எழுந்து ஒரு தகவலைச் சொன்னார். ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையை அரசிதழில் ஆறு மாதத்துக்கு முன்பே வெளியிட்டாகிவிட்டதாம்! வெளிப்படைத்தன்மைக்காகப் போட்ட உத்தரவையே ரகசியமாக வைத்திருந்தார்கள். இதைவிடப் பெரிய நகைச்சுவையைச் சங்கர் சிங்கின் நாடகத்தில் கூடப் பார்க்க முடியாது.

சட்டம் ஆனது

பியாவர் போராட்டத்தைத் தொடர்ந்து 1996ல் தேசிய அளவில் ஒரு பிரசாரக் குழு உருவானது. பிரஸ் கவுன்சில் தலைவராக இருந்த நீதிபதி பி.பி. சாவந்தின் முயற்சியில் ஒரு வரைவுச் சட்டமும் தயாரானது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சட்டம் கொண்டுவந்தன. முதலில் கொண்டுவந்தது நம் தமிழ்நாடுதான், 1997ல். ஆனால் அதில் கொடுக்க வேண்டியதில்லை என்ற விலக்குகளின் பட்டியல் மிக நீளமாக இருந்ததால் பெரிய பலன் இல்லை. முதலில் வருவதற்கும் முழுதாக வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே. கீழேயிருந்து கேட்டு வாங்கிய ராஜஸ்தானில் 2000ல் சட்டம் நிறைவேறியது.

கடைசியில் 2005ல் நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் நிறைவேறி, அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 30 நாளில் பதில் தரவேண்டும், தராத அலுவலருக்கு அபராதம் என்று பல்லுள்ள சட்டமாக வந்தது. அதே 2005ல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலைகளைக் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்யவேண்டும் என்று எழுதப்பட்டது. கோட் கிரானாவின் பந்தலில் பிறந்த யோசனை பத்தே ஆண்டுகளில் நாடாளுமன்றத்தின் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

2006ல் ராஜஸ்தானின் துங்கர்பூர் மாவட்டத்தில், 237 ஊராட்சிகளுக்கும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் குழு குழுவாக நடந்தே போய் வேலைத் திட்டத்தின் கணக்குகளைச் சரிபார்த்தார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அதே ஆண்டு ஆந்திராவில் அரசே சமூகத் தணிக்கையை நடத்தத் தொடங்கியபோது, எம்.கே.எஸ்.எஸ். பயிற்சிக்கு உதவியது. அங்கே தணிக்கை செய்யப் பழக்கியது நகரத்துப் பட்டதாரிகளை அல்ல, கூலி வேலை செய்பவர்களின் வீட்டில் கொஞ்சம் படித்திருந்த பிள்ளைகளை. வெளியூர்ப் பயிற்சியாளர் திரும்பிப் போய்விடுவார் என்ற பிரச்சினைக்கு இது ஒரு நல்ல தீர்வு.

விலை கொடுத்தவர்கள்

இதையெல்லாம் படித்துவிட்டு, கேள்வி கேட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 2008 மே மாதம், ஜார்க்கண்டின் பலாமு மாவட்டத்தில் வேலைத் திட்டத்தைச் சமூகத் தணிக்கை செய்ய மாணவர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்கு உதவிய உள்ளூர் சமூக ஊழியர் லலித் மேத்தா கொலை செய்யப்பட்டார். தணிக்கை அதோடு நிற்கவில்லை. அதே மாதத்தில் மக்கள் விசாரணையும் நடந்தது. ஆனால் ஓர் உயிர் போனது போனதுதான். அதன் பிறகும் தகவல் கேட்டதற்காகத் தாக்கப்பட்டவர்கள், கொல்லப்பட்டவர்கள் பல மாநிலங்களில் உண்டு.

இன்னொரு குறையும் இருக்கிறது. விசாரணைப் பந்தலில் எளிதில் மாட்டுபவர் ஊராட்சித் தலைவர். இட ஒதுக்கீட்டில் முதல் முறை ஜெயித்து வந்த, காசோலையில் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எதுவும் சொல்லித்தரப்படாத ஒரு பெண்ணாகக் கூட அவர் இருக்கலாம். பில்லுக்கு ஒப்புதல் கொடுத்த பொறியாளரும், பொருள் கொடுத்ததாக எழுதிய ஒப்பந்தக்காரரும், மேலே கண்ணை மூடிக்கொண்ட அதிகாரியும் பந்தலுக்கே வருவதில்லை. பணம் எந்த வழியாகப் போனது என்று கடைசிவரை பின்தொடராவிட்டால், மக்கள் விசாரணை கூட இளைத்தவரைக் கூண்டில் ஏற்றும் வேலையாகிவிடும்.

பட்டியலில் ஒரு பெயர்

இந்தக் கதை பழங்கதை ஆகிவிடவில்லை. 2019ல் ராஜஸ்தான் அரசு ஜன் சூச்னா என்ற இணையதளத்தைத் தொடங்கியது. ரேஷன், ஓய்வூதியம், வேலைத் திட்டம் ஆகியவற்றின் விவரங்களை யாரும் கேட்காமலே ஊர் வாரியாக வெளியிடுவது அதன் நோக்கம். ஆனால் 2023ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. தனிநபர் பற்றிய தகவல் என்றாலே மறுக்கலாம் என்று விலக்கை அகலமாக்கும் திருத்தம் அது.

பொதுநலன் பெரிது என்று கருதினால் தரலாம் என்ற 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறார்கள் திருத்தத்தை ஆதரிப்பவர்கள். எதிர்ப்பவர்கள் கேட்பது இதுதான். மஸ்டர் ரோல் என்பது என்ன? பெயர்களின் பட்டியல். பெயரை மறைத்துவிட்டால் "அவர் செத்துப் போயிட்டாரே" என்று கூட்டத்தில் யார் எழுந்து சொல்வார்கள்? 100 பேருக்குக் கூலி கொடுத்தோம் என்ற எண்ணிக்கையை எந்த ஊராலும் சரிபார்க்க முடியாது. இன்னாருக்குக் கொடுத்தோம் என்பதைத்தான் ஊர் சரிபார்க்கும். ஒருவருடைய அந்தரங்கத்தைக் காப்பது அவசியம்தான். ஆனால் பொதுப்பணம் யார் பெயரில் போனது என்பது அந்தரங்கம் ஆகாது.

ஆக, கிராம சபைக்கு ஏன் கூட்டம் வருவதில்லை என்ற கேள்விக்கு ராஜஸ்தான் சொன்ன பதிலை இப்படிச் சுருக்கலாம். மக்களுக்கு அக்கறை எப்போதும் இருந்தது. பேசுவதற்குக் கையில் காகிதம் கிடைத்ததும் பந்தல் நிறைந்துவிட்டது. காகிதம் கைக்கு வராத இடத்தில் எத்தனை பெரிய ஷாமியானா போட்டாலும் நாற்காலிகள் காலியாகத்தான் இருக்கும்.

உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை நடக்கும்போது ஒரே ஒரு வேலையின் கணக்கை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு தெருவின் சிமெண்ட் ரோடு போதும், அல்லது ஒரு குளத்தின் தூர்வாரல். அதில் உள்ள நீளத்தையும் அகலத்தையும் ஒரு டேப் எடுத்துப்போய் அளந்து பாருங்கள். கூடவே அந்த வேலைக்குப் போன நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மிச்சத்தை அவர்கள் பேசுவார்கள்.